அடையாறு பாலத்தை விடக் கொஞ்சம் குறுகல்

அம்மா,

கண்ணில் விடும் மருந்து தொண்டையில் கசக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் சொட்டு விட்டுக்கொண்டு, டாக்டர் காட்டிக் கொடுத்தபடி மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கின் அடியில் கசப்பு இறங்கியது. மாத்திரையைத் தெரியாமல் கடித்துவிட்டால் வருமே, அந்தக் கசப்பு. சமையலறைக்குப் போய் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். அப்பாவுக்கு நீ கொடுத்த கற்கண்டு ஞாபகம் வந்தது.

லண்டனில் நீங்கள் இருவரும் என்னோடு தங்கியிருந்த அந்தக் கோடையில், காலை ஜெபமாலை முடிந்ததும் அப்பா குளியலறைக்குப் போவார். பின்னாலேயே நீயும் போவாய். கதவைச் சாத்திக்கொள்வீர்கள். வெளியே வரும்போது அப்பா முகத்தைச் சுளித்தபடி வருவார். நீ ஜெபமாலைப் பையிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து அவர் வாயில் போடுவாய்.

"என்னம்மா, தினம் தினம் அப்பாவுக்கு இனிப்பு? கல்யாண நாளா?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷமா கொடுக்காததை இப்பக் கொடுக்கறேன். உனக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாய். அப்பா கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். அந்தப் பையில் ஜெபமாலையோடு மருந்துப் பாட்டிலும் இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மருந்து கசக்கும் என்பது இந்த வாரம்தான் தெரிந்தது.

அடையாறில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். டாக்டர் சின்னப் பெண். "அப்பாவுக்கும் இந்தக் கண் வியாதி இருந்துச்சா சார்?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "கடைசியில பார்வை?" இல்லை என்றேன். ஒரு படத்தைக் காட்டினார். வட்டமான படம், ஓரங்களில் கறுப்பு நின்றது. அந்தக் கறுப்பு இருக்கும் இடத்தில் எனக்கு எதுவும் தெரிவதில்லை, தெரியவில்லை என்பதும் எனக்குத் தெரிவதில்லை என்று விளக்கினார். "போனது போனதுதான் சார். மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம்." காப்பாற்றலாம் என்று அவர் சொல்லவில்லை. காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதிப் பிழைத்தவன், இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இருக்க முடியுமா?

வெளியே வெயில் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னா சார், கண்ல மருந்து ஊத்திக்கினு தனியாவா வந்துக்கீற? வூட்ல யாரும் இல்லியா?" என்றார்.

"இல்லப்பா."

"சரி, குந்து. காலாண்ட பள்ளம் கீது, பாத்து."

மந்தைவெளி வரைக்கும் அவர் வாய் மூடவில்லை. இப்ப ஒரு பள்ளம் வருது, இப்ப ஒரு மேடு, இப்ப லெப்ட்ல திரும்பறேன், கெட்டியா புடிச்சிக்கோ. முதலில் சிரிப்பு வந்தது. திரு.வி.க. பாலம் ஏறும்போது, "பாலம் ஏறிட்டோம் சார், தண்ணி நெறைய நிக்குது இன்னிக்கு" என்றார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் பாலத்தை நீ லண்டனில் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. ஒரு செய்தி நிறுவனத்துக்காக நான் லண்டனில் இருந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். சாந்தோமிலிருந்து நீ போன் செய்தாய். "அப்பாவுக்கு ஒரே ஆசைடா. நீ இருக்கற இடத்தைக் கண்ணால பார்த்துடணுமாம். இந்த வருஷமே."

"அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாங்களேன். பனி கொட்டும், பார்க்கலாம்."

"இல்ல. இந்த வருஷமே."

எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள் நீ. அன்று பிடித்தாய். நான் டிக்கெட் எடுத்தேன்.

ஜூன் மாதத்தில், பாண்டி பஜாரில் வாங்கிய மெரூன் ஸ்வெட்டரைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாய். அப்பா பெட்டி வண்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் நேரே எதிரில் போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்து, "இளைச்சிட்டே" என்றார். அப்படிச் சொன்னவருக்குக் கண்ணில் கோளாறு என்று யார் நினைப்பார்கள்? நேர் எதிரில், ஒரு சாவித் துவாரம் அளவுக்கு அவருக்கு அப்போது பார்வை மிச்சம் இருந்தது. அந்தத் துவாரத்துக்குள் நான் நின்றுவிட்டேன்.

ஊரைச் சுற்றிக் காட்டத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். முதல் நாளே பாதாள ரயிலில் ஆரம்பித்தது உன் முட்டி வலி.

"ஐயோ, படியா? கீழ இறங்கணுமா? மொதல்ல கொஞ்சம், அப்புறம் ஒரு திருப்பம், அப்புறம் நிறைய. என் முட்டி அவ்வளவுதான்." ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். படி முடியும் இடத்தில், "அப்பாடா, முடிஞ்சுது" என்று சத்தமாகச் சொல்வாய். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இறங்குவார். வயதான காலத்தில் மனைவியைத் தாங்கி நடக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் மருந்துக் கடைக்குப் போய் உனக்கு ஒரு முட்டி உறை வாங்கி வந்தேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நல்லா இருக்குடா. ஊருக்குப் போய்ப் போட்டுக்கறேன்."

"வலி இங்கதானே இருக்கு?"

"இங்க ஸ்வெட்டரே போதும்," என்றாய். முட்டிக்கும் ஸ்வெட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். தோள் குலுங்கியது. சிரித்தார் என்று இப்போது தெரிகிறது.

வாட்டர்லூ பாலத்தின் நடுவில் நிறுத்தி, இங்கிருந்து பார்த்தால்தான் ஊரே தெரியும் என்றேன். அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். நீ அவர் காதோரம் நின்று, குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாய்.

"நம்ம அடையாறு பாலத்துல நின்னு கடல் பக்கம் பார்ப்போமே, அதை விடக் கொஞ்சம் குறுகல். தண்ணி கூவம் மாதிரி கறுப்பு இல்லை. டீ கலர். நாயர் கடை டீ இல்ல, நம்ம வீட்டு டீ. இடது பக்கம் ஒரு பெரிய கோயில். சாந்தோம் கோபுரம் மாதிரி ஊசியா இல்லை. குக்கர் மூடியைக் கவுத்து வச்ச மாதிரி உருண்டையா இருக்கு. உச்சியில சிலுவை."

"சிலுவை என்ன கலர்?" என்று அப்பா கேட்டார்.

"பித்தளைப் பாத்திரத்தைப் பாதி புளி போட்டுத் தேய்ச்சுட்டு, போன் வந்துதுன்னு எழுந்து போனா எப்படி இருக்கும், அப்படி."

"ம்," என்றார் அப்பா. பார்த்துவிட்டவர் சொல்லும் 'ம்' அது.

நான் குறுக்கே புகுந்து, அந்தக் கோயிலை யார் கட்டியது, எந்தத் தீ விபத்துக்குப் பிறகு கட்டியது என்றெல்லாம் சொன்னேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டீர்கள். பிறகு நான், "ஏம்மா, இவ்வளவு தூரம் வந்தும் மயிலாப்பூரையேவா பார்க்கறே?" என்றேன்.

"எனக்கு வேற எந்த ஊரு தெரியும்?" என்றாய்.

எல்லா இடத்திலும் அப்படித்தான். புறாக்கள் மொய்க்கும் சதுக்கத்தை, தேர் அன்றைக்குக் காலையில் மாட வீதி, ஆட்களுக்குப் பதில் புறா என்றாய். பெரிய கடிகாரத்தின் முகம் நம் வீட்டுக் கூடம் அளவு, நாற்காலி எல்லாம் எடுத்த பிறகு, என்றாய். ராணி வீட்டு வாசலில் நின்ற காவலாளியின் தொப்பியைப் பார்த்து, "கரடி ஒண்ணு தலைமேல ஏறி உட்கார்ந்து தூங்கற மாதிரி இருக்குங்க. பாவம், வெயில்ல அரிக்கும்" என்றாய். அப்பா அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

ஒரு சாயங்காலம் என் வீட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு, சித்திக்கு, போன் போட்டாய். லைன் கிடைக்க நேரமாயிற்று. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். தலை இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, உதடு லேசாகத் திறந்து, மறுமுனையில் யாராவது எடுத்ததும் பேசத் தயாராக. அப்பா உனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தொட்டுக் காட்டினார்.

"பார்றா உங்கம்மா மூஞ்சியை. இவ டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தப்ப, ட்ரங்க் கால் விஷயமா நான் தேனாம்பேட்டை ஆபீஸ்லேர்ந்து அங்க போனேன். கதவு திறந்திருந்தது. வரிசையா பொண்ணுங்க. இவ மட்டும், லைன்ல இருங்கன்னு யார்கிட்டயோ சொல்லிட்டு, அந்தப் பக்கம் எடுக்கறாங்களான்னு காத்துக்கிட்டிருந்தா. இந்த மூஞ்சி. இதைப் பார்த்துத்தான் விழுந்தேன்."

"சும்மா இருங்க. மணி அடிக்குது," என்றாய் நீ.

கிளம்புவதற்கு முன் என் ஆபீஸைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டிப் போனேன். ஆள் இல்லாத பெரிய கூடம். என் மேசை முன்னால் அவரை நிறுத்தினேன். அவர் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைத் தடவினார். மூலை வரை போய்த் திரும்பினார். நாற்காலி முதுகைத் தடவினார். டெலிபோன் எந்தப் பக்கம் என்று கேட்டு அதையும் தொட்டார். கோயிலில் மாதா சுரூபத்தின் பாதத்தைத் தொடுவோமே, அந்த நிதானம்.

"தேக்கா?"

"இல்லப்பா. ஏதோ அட்டை மாதிரி ஒண்ணு. மேல மரம் மாதிரி ஒட்டியிருக்கான்."

நீ மெதுவாகச் சொன்னாய்: "ஜன்னல் பக்கம் இடம் கொடுத்திருக்காங்க. வெளிய ஒரு மரம். நம்ம பார்க் தூங்குமூஞ்சி மரம் அளவு. வெளிச்சம் இடது பக்கத்திலேர்ந்து விழுது. எழுதறதுக்கு நல்லது. மேசைமேல நம்ம ரெண்டு பேர் படம் வச்சிருக்கான்."

அப்பா அந்தப் படம் இருக்கும் பக்கம் திரும்பினார். கொஞ்சம் தள்ளித்தான் திரும்பினார். "போதும். பார்த்துட்டேன்," என்றார். நீ ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தாய். நேரம் கழித்துத்தான் திரும்பினாய். களைத்துவிட்டீர்கள் என்று நினைத்து டாக்சி பிடித்தேன்.

நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வாரா வாரம் போன். அப்பா எப்படி இருக்கார் என்றால் "இதோ, பேப்பர் பார்த்துக்கிட்டிருக்கார்" என்பாய். பேப்பரை நீதான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியாது. உன் முட்டி எப்படி என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாய்.

பிறகு ஒரு நாள் போனில் உன் குரல் வரவில்லை. சித்தியின் குரல் வந்தது. மார்வலி என்று சொல்லி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்றாள்.

விமான நிலையத்திலிருந்து நேராக வந்தேன். கூடத்தில் உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மெழுகுவர்த்தி, மல்லிகை, விரல்களில் சுற்றிய ஜெபமாலை. பெண்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் தலைமாட்டில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு நேர் எதிரில் போய் நின்றேன்.

"யாரு வந்திருக்கறது?" என்றார்.

துக்கத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். சித்தி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "உனக்குத் தெரியாது. அவருக்கு இப்ப சுத்தமா தெரியலடா. லண்டன் வந்தப்பவே பாதிக்கு மேல போச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா மாதா மேல சத்தியம் வாங்கிட்டா."

"தம்பியா? கிட்ட வா," என்றார் அப்பா. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்குப்பா."

அவர் தலையை ஆட்டினார். "அது எல்லாரைப் பத்தியும் சொல்றது. நான் தொட்டுப் பார்த்தேன். சில்லுனு இருக்கு. அது அவ இல்ல. அவ எப்படி இருக்கா, சொல்லு."

நான் பார்த்தேன். விபத்துகளையும் கலவரங்களையும், வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களையும் பார்த்து, ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பியவன். உன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். தூங்கற மாதிரி என்று நாக்கு வரை வந்தது. அதுவும் எல்லாரைப் பற்றியும் சொல்வதுதான்.

"தெரியலப்பா," என்றேன்.

அவர் என் மணிக்கட்டை விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் மூடியைக் கொண்டு வந்தார்கள்.

உன் பீரோவில், லண்டன் கடையின் விலைச் சீட்டோடு, அந்த முட்டி உறை பிரிக்காமல் இருந்தது. அப்பா கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்ததும் என்னவென்று கண்டுபிடித்துவிட்டார். "அவ முட்டிக்கு என்ன கேடு? சாகற அன்னிக்குக் காலையிலகூட மொட்டை மாடிக்குத் துணி எடுத்துட்டுப் போனா." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். படிகளில் நீ முனகியது முட்டிக்காக இல்லை, அவருக்காக. கோபுரமும் குக்கர் மூடியும் புறாவும் கரடியும் அவருக்காக. "உன்கிட்ட சொன்னா நீ எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிப்பேன்னு சொன்னா. அவன் அங்க இருக்கட்டும், உங்களுக்குத்தான் நான் இருக்கேனேன்னா."

நீ இல்லை. நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நின்றேன். நீ எதைத் தடுக்க அத்தனை பாடுபட்டாயோ, அது அப்படியே நடந்தது.

அப்பா இருந்தவரை, சாயங்காலம் கடற்கரைக்கு அழைத்துப் போவேன். என்ன தெரியுது என்று கேட்பார். கூட்டம் அதிகம், அலை உயரமாக இருக்கிறது, தூரத்தில் படகுகள் என்பேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்: "நீ எழுதறே. அவ சொல்லுவா." அதில் குறை இல்லை. உள்ளதைச் சொன்னார். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் லண்டனைப் பற்றிப் பேசுவார். டீ கலர் ஆறு, தேய்த்து முடிக்காத பித்தளைச் சிலுவை. அத்தனை வருஷம் அங்கே இருந்த எனக்கு அந்த ஊர் அவ்வளவு தெளிவாக இல்லை. ஒரு மழைக்காலத்தில் அவரும் போனார். நான் பதில் சொல்லாத கேள்வியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

இப்போது நானே எனக்குச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். லஸ் முனையை மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தகரத் தடுப்பு, அதற்குப் பின்னால் கிரேன், சேறு. எது மாதிரி இருக்கிறது என்று யோசித்து நின்றேன். எது மாதிரியும் இல்லை. நீ லண்டனை மயிலாப்பூரால் அளந்து அவருக்குக் கொடுத்தாய். மயிலாப்பூரை நான் எதைக் கொண்டு அளப்பேன்? அளந்தாலும், கேட்டுக்கொண்டு 'ம்' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

நேற்று மருத்துவமனைக்கு போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி ஏதோ இசையைப் போட்டுவிட்டார்கள். ரிசீவரோடு நின்றவன், எதிரில் பீரோக் கண்ணாடியைப் பார்த்தேன். ஓரங்கள் தெரியாவிட்டாலும் நடுவில் இருப்பது இன்னும் தெரிகிறது. நடுவில் என் முகம் இருந்தது. தலை இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, உதடு லேசாகத் திறந்து.

பெட்டியில் நீ அப்படித்தான் இருந்தாய்.

அந்தப் பக்கம் யாரோ எடுத்து ஹலோ ஹலோ என்றார்கள். நான் வைத்துவிட்டேன்.

'அப்பா, லைன்ல இருங்கன்னு சொல்லிட்டுக் காத்துக்கிட்டிருப்பாளே, அந்த மூஞ்சி.' இவ்வளவுதான். அன்று அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் கண் நன்றாக இருந்த நாளில் முதன்முதலாகப் பார்த்த முகம் அது. கடைசியாக ஒரு தடவை பார்த்திருப்பார். 'ம்' என்று சொல்லியிருப்பார்.

நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. கண்ணில் மருந்து விடும் நேரம் ஆகியிருந்தது.